பொழுதும் மருந்தாகும்

நுழையும்முன்

நோய் நீங்கியவுடன் மனிதர் நலம்பெற்றுவிட்டார் எனக் கொள்ளலாமா? மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர் நாள் முழுதும் சுவரையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தால், சிகிச்சை நிறைவடைந்தது என்று சொல்ல முடியுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் பிறந்த துறை, பொழுதுபோக்குச் சிகிச்சை. விளையாட்டு, இசை, ஓவியம், தோட்டக்கலை முதலியவற்றைச் சிகிச்சைக்குரிய கருவிகளாகக் கையாளும் இத்துறையில் தேர்ச்சி பெற ஏட்டுக் கல்வியும் வேண்டும், களப்பயிற்சியும் வேண்டும். அவ்விரண்டும் என்ன கற்பிக்கின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பொழுது கழிதலும் புத்துயிர் பெறுதலும்

பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்துபோன முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மருத்துவர் அவருடைய உயிரைக் காத்தார். இயன்முறை மருத்துவர் அவரை மீண்டும் நடக்கப் பழக்கினார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எனப்படும் தொழில்வழிச் சிகிச்சையாளர், உண்ணவும் உடுத்தவும் இடக்கையைப் பயன்படுத்தும் வகையைக் கற்பித்தார். ஆயினும் அவருக்குக் காலைப்பொழுது விடிவதே சுமையாக இருக்கிறது. நோய்க்கு முன்பு அந்தக் காலைப்பொழுது தோட்டத்தில் கழிந்தது. இப்போது அவர் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்ப்பதுமில்லை. நண்பர்கள் வந்தால் உறங்குவதுபோல் கண்களை மூடிக்கொள்கிறார்.

அவருக்கு எஞ்சியிருக்கும் குறையை எந்தப் பரிசோதனை அறிக்கையும் காட்டாது. எனினும் அது குறையே. விரும்பியதைச் செய்யவும் பிறரோடு கூடி மகிழவும் இயலாத வாழ்வு, நோயற்ற வாழ்வாக இருக்கலாம், நிறைவான வாழ்வாகாது. அந்தக் குறையைத் தம் பணிக்களமாகக் கொண்டவரே பொழுதுபோக்குச் சிகிச்சையாளர்.

‘பொழுதுபோக்கு’ என்னும் தமிழ்ச்சொல் பொழுதைப் போக்குவதைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘ரெக்ரியேஷன்’ என்னும் சொல்லோ, மீண்டும் படைத்தல், புதுப்பித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. வெறுமனே கழியும் பொழுதை, மனிதரைப் புதுப்பிக்கும் பொழுதாக மாற்றுவதே இத்துறையின் நோக்கம். ஆகவே, நோயாளிகளுக்கு வேடிக்கை காட்டுவதும் இச்சிகிச்சையும் ஒன்றல்ல. வேடிக்கை முடிந்ததும் அதன் பயனும் முடிந்துவிடலாம். சிகிச்சைக்கோ குறிக்கோள் உண்டு, அளவு உண்டு, பயன் விளைந்ததா எனச் சோதித்தறியும் கடமையும் உண்டு.

துறை வளர்ந்த வரலாறு

நோயாளியின் சூழலும் மனநிலையும் அவர் நலமடைவதில் பங்குகொள்கின்றன என்னும் கருத்து நெடுநாளாக இருந்துவருவது. செவிலியப் பணிக்கு இலக்கணம் வகுத்த புளோரன்ஸ் நைட்டிங்கேல், 1859இல் எழுதிய செவிலியம் பற்றிய நூலில் இதற்கெனத் தனிப்பகுதியே ஒதுக்கினார். ஒரே அறையையும் ஒரே சுவரையும் நாள்தோறும் காணும் நோயாளி படும் துன்பத்தையும், மலர்களும் வண்ணங்களும் அவருக்குத் தரும் ஆறுதலையும் அதில் அவர் விளக்கினார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் சிகாகோ நகரில் நேவா பாய்டு என்னும் பெண்மணி விளையாட்டைக் கல்வியாகவும் சமூகப்பணியாகவும் வளர்த்தார். விளையாட்டுக் களங்களை நடத்துவோருக்கான பயிற்சிப் பள்ளியை நிறுவினார். மருத்துவமனையிலும் படுக்கையிலும் இருப்போர் ஆடுவதற்குரிய விளையாட்டுகளைத் தொகுத்து 1919இல் நூலாக வெளியிட்டார். முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்கள் மருத்துவமனைகளில் நிறைந்திருந்த காலத்தை ஒட்டி அந்நூல் வெளிவந்தது. எழுந்து நடக்க இயலாதவருக்கும் ஆடும் உரிமை உண்டு என்பதை அது உணர்த்தியது.

அவ்வுரிமையை உலகறியச் செய்தவர் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டில் காயமுற்றோருக்கான பிரிவை அவர் 1944இல் தொடங்கினார். முதுகுத்தண்டு முறிந்தோர் நெடுநாள் வாழமாட்டார்கள் என்று கருதப்பட்ட காலம் அது. குட்மன் அவர்களைப் படுக்கையிலேயே விட்டுவைக்கவில்லை. பந்தும் வில்லும் அவர்கள் கைகளுக்கு வந்தன. வில்லை இழுக்கும் கை வலுப்பெற்றது; உடலை நிமிர்த்தி அமரும் ஆற்றல் கூடியது; எல்லாவற்றுக்கும் மேலாக, நாளைய ஆட்டத்தை எதிர்நோக்கும் மனம் திரும்பியது.

இம்முயற்சிகளின் தொடர்ச்சியாக, அமெரிக்காவில் இத்துறை தனித்தொழிலாக உருப்பெற்றது. உரிய கல்வியும் பயிற்சியும் பெற்றவர் யார் என்பதைத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் தேசியக் குழு அங்கு 1981இல் அமைந்தது.

தெரிந்து தெளிவோம்

இலண்டன் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கிய 1948 ஜூலை 29ஆம் நாளன்று, ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் வில்வித்தைப் போட்டி ஒன்று நடைபெற்றது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி 16 பேர் அம்பெய்தனர். 1960இல் ரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த 400 வீரர்கள் பங்கேற்கும் பெருவிழாவாக அது வளர்ந்தது. அதுவே முதல் பாராலிம்பிக் போட்டியாகப் போற்றப்படுகிறது. சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, 2016இல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். அவர் வென்ற அரங்கின் தொடக்கம் ஒரு மருத்துவமனைப் புல்வெளியாகும்.

வகுப்பறை தரும் அறிவு

அமெரிக்காவில் இத்துறையில் சான்றிதழ் பெற விரும்புவோர் பொதுவாக இளநிலைப் பட்டம் பெறுகின்றனர். அவர்தம் பாடத்திட்டம் இருவகைப்பட்டது. மனிதரை அறிதல் முதல்வகை. உடற்கூறும் உடலியங்கியலும், குழந்தைப் பருவம் முதல் முதுமை வரையிலான மனித வளர்ச்சி, மனநலக் குறைபாடுகளை ஆராயும் உளவியல் ஆகியன இதில் அடங்கும். பந்தெறியச் சொல்வதற்கு உடற்கூறு எதற்கு என்று தோன்றலாம். தளர்ந்த தோள்மூட்டை அதன் எல்லைக்கு மீறி உயர்த்தச் செய்தால் வலியே மிஞ்சும். இதயநோயாளிக்கு மூச்சு வாங்குவதன் பொருளை அறியாதவர் ஆட்டத்தை எப்போது நிறுத்துவது என்பதையும் அறியமாட்டார். எனவே, ஆடச் சொல்பவர் உடலை அறிந்தவராக இருத்தல் வேண்டும்.

சிகிச்சை முறையை அறிதல் இரண்டாம் வகை. நோயாளியின் ஆற்றலை மதிப்பிடுதல், அவருக்கேற்ற செயலைத் தேர்ந்து திட்டமிடுதல், குழுவை நடத்துதல், முன்னேற்றத்தைப் பதிவு செய்தல், தொழில் அறம் காத்தல் ஆகியன இவ்வகையில் கற்பிக்கப்படுகின்றன.

விளையாட்டைப் பகுத்தறிதல்

இப்பாடங்களுள் சுவைமிக்கது, ஒரு செயலை அதன் கூறுகளாகப் பகுத்து ஆராயும் பயிற்சி. ஒரு செயல் உடல், அறிவு, உணர்வு, சமூக உறவு ஆகிய நான்கு நிலைகளில் மனிதரிடம் எவற்றையெல்லாம் கேட்கிறது எனப் பட்டியலிடுவதே இப்பயிற்சியாகும்.

நாமறிந்த பல்லாங்குழியை இம்முறையில் ஆராயலாம். இரு வரிசைகளில் 14 குழிகள். கையில் சில புளியங்கொட்டைகள். குழியிலுள்ள காய்களை அள்ளுதற்கு விரல்கள் மடங்க வேண்டும். ஒவ்வொன்றாக இடுதற்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் இணைந்து இயங்க வேண்டும். இவை உடல் சார்ந்தவை. எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே முடியும் எனக் கணக்கிடுவதும் வரிசையை நினைவில் வைப்பதும் அறிவு சார்ந்தவை. காய்களை இழக்கும்போது பொறுத்துக்கொள்வது உணர்வு சார்ந்தது. எதிரில் இருப்பவர் ஆடி முடிக்கும்வரை காத்திருப்பதும், அவரோடு பேசிச் சிரிப்பதும் சமூக உறவு சார்ந்தவை.

இவ்வாறு பகுத்த பின்னரே விளையாட்டைச் சிகிச்சைக்கு ஏற்பத் திருத்த இயலும். விரல்கள் தளர்ந்தவருக்குப் புளியங்கொட்டைக்குப் பதிலாகப் பெரிய காய்களைத் தரலாம். பலகை நகராதிருக்க அடியில் ரப்பர் விரிப்பை இடலாம். நினைவாற்றல் குன்றியவருக்குக் குழிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஓரிடத்தில் நிலைகொள்ளாத சிறுவனுக்கு ஆட்டத்தைச் சில நிமிடங்களில் முடியுமாறு சுருக்கலாம். ஆட்டம் ஒன்றே, அது மருந்தாகும் வகைதான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. மிக எளிதான ஆட்டம் சலிப்பைத் தரும். மிகக் கடினமான ஆட்டம் தோல்வியைத் தரும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கண்டறிவதே கற்போரின் திறமாகும்.

சிகிச்சையின் படிநிலைகள்

பொழுதுபோக்குச் சிகிச்சை மதிப்பிடல், திட்டமிடல், செயற்படுத்தல், பயனை ஆராய்தல் என்னும் நான்கு படிநிலைகளைக் கொண்டது. இவை ஒவ்வொன்றையும் எழுத்தில் பதிவு செய்தல் கட்டாயமாகும்.

மருத்துவர், நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் ஆராய்ந்து செயற்பட வேண்டும் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் அறிவுறுத்துகிறது. இத்துறையின் முதற்படியும் அத்தகையதே. நோயாளியால் என்ன இயலும், என்ன இயலாது என்பதோடு, அவர் எதை விரும்பினார், யாரோடு பொழுதைக் கழித்தார், இப்போது எது அவரைத் தடுக்கிறது என்பனவும் கேட்டறியப்படுகின்றன.

இரண்டாம் படியில் குறிக்கோள் எழுதப்படுகிறது. ‘நோயாளியின் மனம் மகிழ வேண்டும்’ என்பது நல்ல விருப்பமே; சிகிச்சைக் குறிக்கோளாகாது. அது நிறைவேறியதா என்பதை அளந்தறிய வழியில்லை. ‘இரண்டு வாரங்களுக்குள், ஒருமுறை மட்டும் நினைவூட்டப்பட்ட நிலையில், இடக்கையால் மூன்று தொட்டிகளில் விதை ஊன்றுவார்’ என்பது குறிக்கோள். யார், எதை, எந்த நிலையில், எவ்வளவு, எக்காலத்துக்குள் என்னும் வினாக்களுக்கு அதில் விடை உண்டு. பதிவேட்டுக்கும் இது பொருந்தும். ‘உற்சாகமாக இருந்தார்’ என எழுதுவதைவிட, ‘20 நிமிடங்கள் குழுவோடு அமர்ந்திருந்தார், இருமுறை தாமாகப் பேசினார்’ என எழுதுவதே பயனுடையது. மறுநாள் அதைப் படிக்கும் மருத்துவரும் செவிலியரும் அதனைக் கொண்டு முடிவெடுக்க முடியும்.

களம் கற்பிக்கும் பாடம்

ஏட்டுக் கல்வி இத்தகைய தெளிவைத் தருகிறது. ஆயினும், நீச்சலைக் கரையில் அமர்ந்து கற்க இயலாதது போலவே இச்சிகிச்சையையும் வகுப்பறையில் மட்டும் கற்க இயலாது. எனவே, அமெரிக்காவில் சான்றிதழ் பெறுதற்கான கல்வி வழியில், தேர்ச்சிபெற்ற சிகிச்சையாளர் ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது 14 வாரங்களும் 560 மணிநேரமும் பயிற்சி பெறுதல் விதியாக உள்ளது. அதன்பின் தேசியத் தேர்வில் வெற்றிபெற வேண்டும். பெற்ற சான்றிதழையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

மறுவாழ்வு மருத்துவமனைகள், மனநலக் காப்பகங்கள், முதியோர் இல்லங்கள், குழந்தைகள் மருத்துவமனைகள் ஆகியவை பயிற்சிக் களங்களாகின்றன. தொடக்க நாள்களில் மாணவர் உற்றுநோக்குகிறார். பின்னர்ச் சிகிச்சையாளருக்குத் துணைநிற்கிறார். இறுதியில் தாமே திட்டமிட்டு நடத்துகிறார். சக்கர நாற்காலியின் தடையைப் பொருத்திவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்பது முதல், நோயாளி சொன்ன செய்தியை வெளியே பேசக்கூடாது என்பது வரை பல ஒழுங்குகள் அங்கே பழக்கமாகின்றன.

பிழைகளும் அங்கே பாடமாகின்றன. முதியோர் இல்லம் ஒன்றில், எண்களை அழைத்து ஆடும் ஆட்டத்தைப் பயிற்சி மாணவி ஒருத்தி ஆர்வத்தோடு நடத்துவதாகக் கொள்வோம். பாட்டி ஒருவர் பாதியில் எழுந்துபோகிறார். ‘ஆர்வம் இல்லை’ என்று மாணவி குறிப்பெழுதுகிறாள். மேற்பார்வையாளர் அந்தப் பாட்டியின் அருகில் அமர்ந்து பேசும்போது உண்மை வெளிப்படுகிறது: அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்துபோயிருக்கிறார். குறை பாட்டியின் ஆர்வத்தில் இல்லை. மாணவியின் மதிப்பீட்டில் இருந்தது. மறுநாள் எண்கள் பெரிய அட்டைகளில் எழுதிக் காட்டப்படுகின்றன. பாட்டி இறுதிவரை ஆடுகிறார். கேள்வித்திறனை முதலில் சோதிக்க வேண்டும் என்னும் வரி பாடநூலிலும் இருந்திருக்கும். அவ்வரியின் பொருள் விளங்கியது அன்றுதான்.

உதவாதிருக்கும் கலை

களத்தில் கற்கும் பாடங்களுள் கடினமானது, உதவி செய்யாமல் இருப்பது. முதலில் கண்ட முதியவரை மீண்டும் நினைவுகூரலாம். மருத்துவமனைத் தோட்டத்தில் அவர்முன் ஒரு தொட்டியும் சிறிது மண்ணும் வைக்கப்படுகின்றன. பழகாத இடக்கையால் மண்ணை அள்ளுகிறார். பாதி கீழே சிந்துகிறது. விதையை எடுக்கிறார், அது விரலிடுக்கில் நழுவுகிறது. மீண்டும் தேடுகிறார். அருகிலிருக்கும் மாணவியின் கை தானாகவே நீள்கிறது. அந்த விதையை எடுத்துத் தர அவளுக்கு ஒரு நொடி போதும். மேற்பார்வையாளர் கண்களால் அவளைத் தடுக்கிறார்.

அவள் எடுத்துக் கொடுத்திருந்தால் விதை விரைவில் மண்ணுக்குள் சென்றிருக்கும். ஆனால், ‘இதுகூட என்னால் ஆகவில்லை’ என்னும் எண்ணம் முதியவரின் மனத்தில் இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கும். பல நிமிடங்கள் கழித்து, அவரே விதையைக் கண்டெடுத்து ஊன்றுகிறார். நிமிர்ந்து, “நாளைக்கு யார் தண்ணீர் விடுவது?” எனக் கேட்கிறார். நாளை என்னும் சொல் அவர் வாயிலிருந்து வருவதற்கே அவ்வளவு காத்திருப்பும் தேவைப்பட்டது.

எனினும், காத்திருத்தல் என்பது கைவிடுதல் அன்று. அவர் களைத்துவிட்டாரா, கோபம் கொள்கிறாரா, தடுமாறி விழக்கூடுமா என மாணவி கூர்ந்து நோக்கியவாறே இருக்க வேண்டும். தேவையான கணத்தில் தேவையான அளவே உதவ வேண்டும். அக்கணம் எது என்பதை எந்த நூலும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. பல நோயாளிகளோடு பழகிப் பழகியே அது கைவரும்.

இத்துறையில் பெரிதும் பேசப்படும் ஒரு கோட்பாடும் இக்கருத்தையே கொண்டுள்ளது. கன், பீட்டர்சன் ஆகிய இருவரும் வளர்த்தெடுத்த அக்கோட்பாடு, பணியை மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது. முதற்கட்டத்தில் குன்றிய ஆற்றல் மேம்படுத்தப்படுகிறது. சிகிச்சையாளரே பெரும்பாலும் வழிநடத்துகிறார். இரண்டாம் கட்டத்தில் ஓய்வுப்பொழுதைப் பயன்படுத்தும் அறிவும் திறனும் கற்பிக்கப்படுகின்றன. மூன்றாம் கட்டத்தில் அவர் தாமே விரும்பிப் பங்கேற்கிறார். கட்டந்தோறும் சிகிச்சையாளரின் கை தளர்கிறது. நோயாளியின் உரிமை வளர்கிறது. தாம் தேவைப்படாத நாளை நோக்கிப் பணியாற்றுவதே இத்தொழிலின் சிறப்பு எனலாம்.

நம் நாட்டில் இத்துறை

சிகிச்சை என்பது உறுப்பைச் சீர்செய்வதோடு முடிவதன்று என்னும் சிந்தனைக்குத் தமிழகத்திலும் வரலாறு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவரான மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த விபத்தால் இடுப்புக்குக் கீழ் இயக்கத்தை இழந்தார். அதன் பின்னரும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவத்தை அமெரிக்காவில் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். நோயாளி மீண்டும் வாழ்க்கைக்குள் திரும்புவதே சிகிச்சையின் முடிவு என்பதற்கு அவருடைய வாழ்வே சான்று.

இந்திய நாடாளுமன்றம் 2021இல் இயற்றிய, மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில், கலை, நடன, அசைவுச் சிகிச்சையாளர்களோடு பொழுதுபோக்குச் சிகிச்சையாளரும் இடம்பெற்றுள்ளார். இதற்கெனத் தனிப் பட்டப்படிப்பு நம் நாட்டில் இன்னும் பரவலாகவில்லை. ஆயினும், தொழில்வழிச் சிகிச்சை, உளவியல், சமூகப்பணி, சிறப்புக் கல்வி ஆகிய படிப்புகள் இதற்கு அண்மையில் உள்ளவை.

பல்லாங்குழியும் தாயமும் பாண்டியும் நம் திண்ணைகளில் ஆடப்பட்டவை. அவற்றைச் சிகிச்சைக் கருவியாக்க, உடலை அறிந்த அறிவும் உள்ளத்தை அறிந்த பொறுமையும் ஒருங்கே வேண்டும். முன்னதை வகுப்பறை தரும். பின்னதை நோயாளியின் அருகில் அமர்ந்துதான் பெற வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் ஆடப்படும் விளையாட்டு ஒன்றைத் தேர்ந்து, அது உடல், அறிவு, உணர்வு, சமூக உறவு ஆகிய நிலைகளில் எவற்றைக் கேட்கிறது எனப் பட்டியலிடுக.

2. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவரிடம், அவர் இளமையில் விரும்பிச் செய்த செயல்களைக் கேட்டறிக. அவற்றுள் ஒன்றை இன்றும் அவர் செய்வதற்கு என்ன மாற்றம் தேவை எனக் கலந்துரையாடுக.

குறுவினா

1. வேடிக்கைக்கும் பொழுதுபோக்குச் சிகிச்சைக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. ‘நோயாளியின் மனம் மகிழ வேண்டும்’ என்பது ஏன் சிகிச்சைக் குறிக்கோளாகாது?

சிறுவினா

பல்லாங்குழியைச் சிகிச்சைக்கு ஏற்பத் திருத்தும் வழிகளை எழுதுக.

நெடுவினா

‘உதவாதிருத்தலும் உதவியே’ – பாடப்பகுதியின் துணைகொண்டு இக்கருத்தை நிறுவுக.